சபை ஏறிய பெண்கள் – 7: மானியமும் மஞ்சள் கயிறும்

போன அத்தியாயத்தை 1921 ஏப்ரலில் நிறுத்தியிருந்தோம். சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது; பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதைச் செய்த முதல் சபை அதுதான். ஆனால் அது பாதிக் கதவு. சொத்தோ வரியோ உள்ள பெண் ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கக் கூடாது. மீதிக் கதவு திறக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1926 தேர்தலில்தான் பெண்கள் வேட்பாளராக நிற்க அனுமதி வந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயா மங்களூர்ப் பக்கம் கடைசி நேரத்தில் களத்தில் குதித்து, மிகச் சில ஓட்டுகளில் தோற்றார். ஜெயித்து வந்த பெண் ஒருவர்கூட இல்லை.

அடையாற்றில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அதோடு ஓய்ந்துவிடவில்லை. ஜனங்கள் அனுப்பாவிட்டால் சர்க்கார் அனுப்பட்டும் என்று கேட்டது. நியமன இடங்களில் ஒன்றைப் பெண்ணுக்குத் தர வேண்டும் என்றது. சங்கம் முன்வைத்த பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவருக்கு அப்போது நாற்பது வயது. லண்டனில் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி முடித்துத் திரும்பிய நேரம். சென்னையில் நல்ல கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியிருந்த டாக்டரம்மா. சபைக்குப் போனால் தொழில் கெடும் என்று முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பெண் டாக்டராவதற்கு அவர் கடந்து வந்த தூரம் அப்படி.

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். இந்தத் தாய்வழியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதற்கும் அடிநீராக ஓடுவது அது. மெட்ரிகுலேஷன் முடித்த பெண், ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். ஊரில் முணுமுணுப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போய், வகுப்பிலும் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். பிறகு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் மாலை மாற்றினார்.

அப்படிப்பட்டவர் கடைசியில் சரி என்றார். கோட்டைக்குள் போனார்.

எந்தச் சபைக்குள் போனார் என்று பார்க்க வேண்டும். இரட்டை ஆட்சிக் காலம் அது. சபையில் மொத்தம் 132 பேர்; 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மற்றவர்கள் பதவிவழியாலும் நியமனத்தாலும் வந்தவர்கள். 1926 தேர்தலில் அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி மந்திரிசபை அமைக்க மறுத்தது. அதுவரை ஆண்டுவந்த நீதிக்கட்சி 21 இடங்களுக்குச் சுருங்கிப்போயிருந்தது. கவர்னர் கோஷன், எந்தப் பக்கமும் சேராத டாக்டர் பி. சுப்பராயனை அழைத்து முதல் மந்திரியாக்கினார். ஆக, யாருக்கும் நிலையான பெரும்பான்மை கிடையாது. கல்வி, சுகாதாரம் போன்றவை மந்திரிகள் கையில். போலீஸ், வருவாய், சட்டம் எல்லாம் கவர்னரின் நிர்வாக சபை கையில். இப்படிப்பட்ட இடத்தில், கட்சி இல்லாத, தொகுதி இல்லாத, சர்க்கார் நியமித்த ஒரே ஒரு பெண். நியமன உறுப்பினர் என்றால் சர்க்காருக்குக் கை தூக்க வந்தவர் என்பது அன்றைய பேச்சு. எதிர்க்கட்சிக்காரர் நம்ப மாட்டார்; சர்க்கார் விசுவாசம் எதிர்பார்க்கும்.

1927 ஜனவரியில் சபை கூடியதும் நடந்த காரியம் யாரும் எதிர்பாராதது. துணைத் தலைவராக அவரையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் சி. வி. எஸ். நரசிம்ம ராஜு இல்லாத வேளைகளில் நாற்காலியில் உட்கார்ந்து சபையை நடத்துவது அவர் பொறுப்பு. சட்டசபை ஒன்றின் துணைத் தலைவரான உலகின் முதல் பெண் என்று அவரைச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பட்டத்தைவிட, அந்த நாற்காலி அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம்தான் பெரிதாகப் படுகிறது. சபையின் விதிகள் அவருக்கு அத்துபடியாயின. எந்தக் காரியத்தைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம், எதற்கு மசோதா வேண்டும், மசோதா எந்தெந்த வாசல்களில் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் தெரிந்த உறுப்பினர்கள் எந்தச் சபையிலும் குறைவு. அவர் அந்தக் குறைந்த எண்ணிக்கையில் ஒருவரானார்.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கதைக்கு அவசியம். தனி உறுப்பினர் கொண்டுவரும் தீர்மானம் சர்க்காருக்குச் சிபாரிசு, அவ்வளவுதான். சபை முழுவதும் கை தூக்கி நிறைவேற்றினாலும் சர்க்கார் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டலாம். மசோதா அப்படியில்லை, நிறைவேறினால் சட்டம். ஆனால் மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி வேண்டும், பிறகு ஜில்லாக்களுக்குச் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்பார்கள், பிறகு பொறுக்குக் குழு, பிறகு ஷரத்து ஷரத்தாக விவாதம். ஒவ்வொரு படியிலும் எதிராளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தாமதம்.

தீர்மானங்களை அவர் அடுக்கடுக்காகக் கொண்டுவந்தார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். ஏழைப் பெண்களுக்குச் சம்பளமில்லாப் படிப்பு, முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி என்று கேட்டுக்கொண்டே போனார். 1928 மார்ச்சில், கல்யாண வயதைப் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் நிறைவேற்ற வைத்தார். டில்லியில் அடுத்த ஆண்டு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எழும்பூரில் பிரசவ வார்டில் நின்றவர் அவர். குழந்தையே குழந்தை பெறுவதைக் கண்ணால் பார்த்தவருக்கு 14 எப்படிப் போதும்?

ஆனால் அவர் பெயரைச் சரித்திரம் வைத்துக்கொண்டது இவற்றுக்காக அல்ல. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் எடுத்த போருக்காக. அதை எப்படிச் செய்தார் என்பதில்தான் அவர் மூளையின் கூர்மை தெரிகிறது. அதைச் சொல்ல ஒரு கோயில் தெருவுக்குள் போக வேண்டும்.

தஞ்சாவூர் ஜில்லாவில் ஏதோ ஒரு பெரிய கோயிலின் சன்னதித் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் இசை வேளாளர் வீடு. அந்த வீட்டுப் பெண் கோயிலில் ஊழியம் செய்கிறாள்: சாமரம் வீசுவது, புறப்பாட்டில் ஆடுவது பாடுவது, சுவாமிக்குத் திருஷ்டி கழியக் கும்ப ஆரத்தி எடுப்பது. அந்த ஊழியத்துக்குக் கூலி பணமாக வராது. ராஜாக்கள் காலத்திலேயே எழுதிவைத்த மானிய நிலம் இருக்கும். சில வேலி இருக்கலாம், சில மா இருக்கலாம். கோயில் சோறு உண்டு. ஊரில் மரியாதை உண்டு. செத்தால் சுவாமி மாலை பிணத்துக்கு வரும். நிலத்தை அவள் விற்க முடியாது. ஊழியம் நடக்கிறவரை அனுபவிக்கலாம், அவ்வளவே. ஊழியம் நின்றால் நிலம் போகும்.

ஊழியம் நிற்காமலிருக்க என்ன வழி? அடுத்த தலைமுறையில் ஒரு பெண் வேண்டும். மகள் இருந்தால் மகள். இல்லாவிட்டால் ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுப்பார்கள். அந்தக் குழந்தை வயதுக்கு வருமுன் ஒரு நல்ல நாள் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுப் புடவை சுற்றி, தலைநிறையப் பூ வைத்துச் சன்னதிக்குக் கூட்டிப்போவார்கள். மேளம் வாசிக்கும். சுவாமி பாதத்தில் வைத்து எடுத்த சின்னத் தங்கப் பொட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்தது, அந்தக் கழுத்தில் ஏறும். அன்று முதல் அவள் சுவாமியின் மனைவி, நித்திய சுமங்கலி. அவளுக்குப் புருஷன் சாக மாட்டான். அவள் யாரையும் கல்யாணமும் செய்துகொள்ள முடியாது. வயதுக்கு வந்த பிறகு அவளை யார் வைத்துக்கொள்வது என்பதை அவளைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிப்பார்கள். கோயில்களுக்குப் பெருமை இருந்த நாளில் அவளிடம் சங்கீதமும் பரதமும் இருந்தன, அவற்றைப் போற்றியவர்களும் இருந்தார்கள். 1920-களில் பல ஊர்களில் கலை போய்விட்டிருந்தது. பொட்டு மட்டும் மிஞ்சியிருந்தது, அதைக் காட்டிப் பணக்காரரிடம் பேரம் பேசும் தரகரும் மிஞ்சியிருந்தார்.

இதற்கு எதிராகச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மைனர் பெண்ணை விபசாரத்துக்காகக் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கும் 372, 373-ஆம் பிரிவுகள் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் முதலிலிருந்தே இருந்தன. 1924-ல் வயது வரம்பை 16-லிருந்து 18-ஆகவும் உயர்த்தினார்கள். ஆனால் நடந்தது கோயிலுக்குள், சுவாமி முன்னால், சாஸ்திரப்படி ஒரு சடங்கு. எதற்காகப் பொட்டுக் கட்டினார்கள் என்பதை எந்தச் சாட்சி வந்து கூண்டில் ஏறிச் சொல்வார்? அர்ச்சகருக்குப் பங்கு, தர்மகர்த்தாவுக்கு அதிகாரம், ஊர்ப் பெரிய மனிதருக்கு ஆசை, தாய்க்கு நிலம். குழந்தைக்கு மட்டும் ஒன்றுமில்லை, அவளைச் சாட்சியாக யாரும் கூப்பிடவும் இல்லை.

1927 நவம்பரில் முத்துலட்சுமி இதைச் சபையில் எடுத்தார். பெண் குழந்தைகளையும் இளம் பெண்களையும் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சர்க்கார் சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது தீர்மானம். பக்கத்து மைசூர் சமஸ்தானம் 1909-லேயே தன் கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்திவிட்டது. அங்கே சுவாமிகள் எல்லாம் நலமாகத்தான் இருந்தார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பத்திரிகைகள் பாராட்டின. நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் துணை நின்றன. காந்தி தம் இதழில் அவர் பக்கம் எழுதினார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மத விஷயத்தில் கைவைத்து ஊரைக் கிளப்பிவிட வேண்டாம் என்ற பழைய பயம் கோட்டையில் அப்படியே இருந்தது. ஏகமனதான தீர்மானத்தின் விலை என்ன என்பது டாக்டரம்மாவுக்கு அந்த மாதங்களில் விளங்கியிருக்க வேண்டும். சர்க்காருக்காகக் காத்திருக்காமல் தாமே மசோதா கொண்டுவரத் தீர்மானித்தார்.

இங்கேதான் நான் மேலே சொன்ன கூர்மை. வழக்கத்தைத் தடைசெய், மீறினால் ஜெயில் என்று ஒரு மசோதா எழுதியிருக்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் முதலில் அதை எழுதவில்லை. நிலத்துக்குப் போனார். குழந்தையின் கழுத்தில் கயிறு கட்டும் கை தாயின் கை. அந்தக் கையைப் பின்னாலிருந்து பிடித்திருப்பது மானியம். மகளைக் கட்டாவிட்டால் சோறு போய்விடும் என்ற நிலையில் ஒரு தாயைப் பார்த்து, உன்னை ஜெயிலில் போடுவேன் என்று சொல்வது என்ன நியாயம்? முதலில் நிலத்தை ஊழியத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டும்.

அவர் கையில் ஒரு கருவியும் தயாராக இருந்தது. கோயில் நிர்வாகத்தை ஒழுங்குசெய்ய நீதிக்கட்சி ஆட்சியில் பனகல் ராஜா கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவைச் சேர்க்கத் திருத்த மசோதா எழுதினார். புதுச் சட்டம் என்றால் மதத்தில் தலையிடுகிறார்கள் என்ற கூச்சல் எழும். இருக்கிற சட்டத்தில் ஒரு திருத்தம் என்றால் அது கணக்கு விவகாரம், நில விவகாரம். 1928-ல் அறிமுகமாகி, 1929 தொடக்கத்தில் மசோதா நிறைவேறியது. 1929-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம்.

சட்டம் சொன்னது இவ்வளவுதான்: தேவதாசி ஊழியத்துக்காக விட்ட இனாம் நிலத்தை, அந்த ஊழிய நிபந்தனையிலிருந்து சர்க்கார் விடுவிக்கும். அனுபவித்து வருகிற பெண்ணுக்கே நிலம் நிலைக்கும். சர்க்காருக்கு ஒரு சிறு தீர்வை கட்டினால் போதும். அதற்குப் பிறகு எந்தக் கோயிலும் அவளை ஊழியத்துக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது.

படிக்க வறட்டு வாசகம். ஆனால் அதை அந்தச் சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் வைத்துப் பாருங்கள். இத்தனை காலமும், மகளைக் கட்டாவிட்டால் வயல் போகும் என்றிருந்தது. இனிமேல் மகளைக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் வயல் அவளுடையது. கயிற்றின் ஒரு முனை அறுந்தது. பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற பேச்சே அரிதாக இருந்த காலத்தில், ஒரு மாகாணச் சபையில் ஒற்றைப் பெண் உறுப்பினர், சமூகம் கேவலமாகப் பேசிய பெண்களின் பெயருக்கு நிலத்தை நிலைக்க வைத்தார். இந்த நாட்டின் நிலச் சட்டங்களில் இதற்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சபைக்குள் சுயராஜ்யக் கட்சியின் சத்தியமூர்த்தி எதிர்த்தார். இன்றைக்குத் தாசி, நாளைக்கு அர்ச்சகர் என்று கோயில் ஊழியங்கள் ஒவ்வொன்றிலும் சர்க்கார் கைவைக்கும் என்பது அந்தப் பக்கத்தின் அச்சம். சத்தியமூர்த்தியின் வாதமும் முத்துலட்சுமியின் பதிலும் என்று ஒரு காரசாரமான உரையாடல் மேடைகளில் உலாவுகிறது. கைதட்டலுக்காகக் காலப்போக்கில் மெருகேறியது என்றே எனக்குப் படுவதால் இந்தத் தொடரில் அதைச் சேர்க்கவில்லை. அவருடைய வேலைக்கு அந்த அலங்காரம் தேவையும் இல்லை.

சபைக்கு வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு வேறு மாதிரி. அது அந்தப் பெண்களிடமிருந்தே வந்தது. சென்னையில் தேவதாசிகள் சங்கம் கூடி, சர்க்காருக்கு விண்ணப்பம் அனுப்பியது. அதன் முன்னணியில் நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர், படித்தவர், பதிப்பாசிரியர், பெரிய பாடகி. பொட்டுக்கட்டுவது வேறு, விபசாரம் வேறு. எங்களில் சிலர் தவறினார்கள் என்பதற்காக எங்கள் எல்லோரையும் விபசாரிகள் என்று சட்டத்தில் எழுதாதீர்கள் என்பது அவர்கள் வாதம். எங்கள் பெண்களுக்குக் கல்வி கொடுங்கள், சங்கீதமும் சாஸ்திரமும் சொல்லிக்கொடுங்கள், பழைய நிலைக்கு உயர்த்துங்கள் என்றும் கேட்டார்கள்.

இந்த விண்ணப்பத்தைப் பிற்போக்கு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தம் வாழ்க்கையைப் பற்றிச் சபையில் பேசுகிறார்கள், அதில் தமக்கு நாற்காலி இல்லை என்ற வருத்தம் அதில் இருக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது. சட்டம் வந்த பிறகு, பெண்வழியாக இறங்கிய சொத்து பல குடும்பங்களில் ஆண்கள் கைக்குப் போனது. ஆட்டம் பிற்பாடு வேறு வீடுகளுக்குப் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடை ஏறியது. முதலில் ஆடியவர்களின் பேத்திகள் அரங்கின் வெளியே நின்றார்கள். 1930-களில், சதிர் என்ற இந்த ஆட்டத்தை மேடையேற்ற வாதாடிய ஈ. கிருஷ்ணய்யரோடு முத்துலட்சுமி பத்திரிகையில் மோதியபோது, கலைக்கும் வழக்கத்துக்கும் நடுவே கோடு கிழிக்க அவருக்குப் பொறுமை போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் கழுத்தைப் பற்றிக் கேட்டால் என் பதில் டாக்டரம்மா பக்கம்தான். நாகரத்தினம்மாளைப் போல ஒருவர் உயர்ந்தார். பொட்டுக் கட்டப்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த வாழ்வு காத்திருக்கவில்லை.

அதே மரபிலிருந்து நேர் எதிர்க்குரலும் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய், பொட்டை அறுத்தெறியுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று பேசினார். இசை வேளாளர் மாநாடுகள் சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டன. இன்று தமிழ்நாட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் நிதியுதவிக்கு மனுக் கொடுத்தால் அந்தத் திட்டத்தின் பெயர் முத்துலட்சுமி ரெட்டி. ஏழைப் பெண்ணின் திருமண உதவிக்குப் பல ஆண்டுகள் மனு நிரப்பிய திட்டத்தின் பெயர் மூவலூர் ராமாமிர்தம். கியூவில் நிற்கிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் ஒரே சண்டையில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற பெயர்கள் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

நிலம் அவிழ்ந்த பிறகுதான் அவர் கயிற்றுக்கு வந்தார். நடுவில் ஹார்டாக் தலைமையில் இந்தியக் கல்வியை ஆராய்ந்த குழுவில் ஒரே பெண் உறுப்பினராக ஊர் ஊராகச் சுற்றி வந்தார். 1930 ஜனவரியில் இரண்டாவது மசோதா: பொட்டுக்கட்டுவதையே சட்டவிரோதமாக்குவது, பொட்டுக் கட்டப்பட்ட பெண் செய்துகொள்ளும் கல்யாணம் செல்லும் என்று ஆக்குவது. வழக்கம்போல மசோதா கருத்துக் கேட்கச் சுற்றுக்குப் போனது. ஜில்லாக்களிலிருந்து பதில்கள் வரத் தொடங்கின. அவர் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பது, பிறகு பொறுக்குக் குழு, பிறகு விவாதம்.

அந்த வசந்தத்தில்தான் காந்தி தண்டிக்கு நடந்தார். இங்கே ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். மே 5-ஆம் தேதி அதிகாலையில் காந்தியைக் கைது செய்தார்கள். செய்தி வந்ததும் முத்துலட்சுமி துணைத் தலைவர் பதவியையும் சபை உறுப்பினர் பதவியையும் ராஜினாமா செய்தார்.

இந்த இடத்தில் எழுதுகிறவன் கை கொஞ்சம் நிற்கிறது. கட்சி மனுஷி அல்ல அவர். காங்கிரஸ் கட்டளை எதுவும் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. சபையில் அவருடைய மிகப் பெரிய வேலை பாதியில் கிடந்தது. தாம் எழுந்து வெளியே போனால் மசோதாவுக்கு வாய் இல்லாமல் போகும் என்பது விதிகளைக் கரைத்துக் குடித்தவருக்குத் தெரியாததல்ல. இருந்து முடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சர்க்கார் நியமித்த நாற்காலி அது. அந்தச் சர்க்கார் காந்தியை ஜெயிலில் போட்ட பிறகு அதில் உட்கார்ந்திருந்தால், நியமன உறுப்பினர் என்றால் இப்படித்தான் என்ற பேச்சு அவர் செய்த எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும். அவர் போனது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது அவர் மட்டுமல்ல. மசோதா செத்தது. அடுத்த பதினேழு ஆண்டுகள் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ நல்ல நாள்களில், அந்த மஞ்சள் கயிறு ஏறிக்கொண்டே இருந்தது.

சபையை விட்டு வந்த அந்தக் காலத்திலேயே அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த மூன்று பெண் பிள்ளைகள். சட்டம் போட்டவரின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். படிக்க வைக்க வேண்டும், தங்க இடம் வேண்டும். நகரத்து விடுதிகளில் இடம் கேட்டார். எந்தச் சாதி, எந்தக் குலம் என்று கேட்டுவிட்டு விடுதிகள் கையை விரித்தன. சபையில் ஏகமனதாகக் கை தூக்கிய அதே சமூகம், தன் விடுதிக்குள் ஒரு பாய் விரிக்க இடம் கொடுக்கவில்லை. டாக்டரம்மா அந்தப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம் ஆயிற்று. அடையாற்றில் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் சட்டசபைக்குத் திரும்பவில்லை. ஆனால் சபைகளைப் பற்றிய ஒரு விவாதத்தில் கடைசியாக ஒரு பெரிய பங்கு எடுத்தார். புதிய அரசியல் சட்டம் வரப்போகிறது, பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாமா என்று லண்டனில் பேசினார்கள். 1933-ல் ராஜகுமாரி அம்ரித் கௌர், ஷரீபா ஹமீத் அலி ஆகியோரோடு பார்லிமெண்டின் கூட்டுக் குழு முன்னால் சாட்சி சொல்லப் போனார். தனி ஒதுக்கீடு வேண்டாம், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுக் கொடுங்கள், நாங்கள் நின்று ஜெயித்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் நிலை. நியமனத்தால் சபைக்கு வந்து, நியமனத்தின் பலவீனத்தை உடம்பில் உணர்ந்தவர் அப்படிக் கேட்டதன் காரணம் நமக்குப் புரிகிறது. 1935 சட்டம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. பெண்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கியது. இன்று ஒதுக்கீட்டுக்காக இத்தனை ஆண்டுகள் போராடிய நம் காலத்துப் பெண்கள் அவரோடு உடன்பட மாட்டார்கள். நானும் உடன்படவில்லை.

மசோதா 1947-ல் திரும்ப உயிர் பெற்றது. நாடு விடுதலையான சில வாரங்களில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. அந்த மந்திரிசபையில் பழைய முகம் ஒன்று இருந்தது: 1927-ல் அவருடைய தீர்மானம் நிறைவேறியபோது முதல் மந்திரியாக உட்கார்ந்திருந்த அதே சுப்பராயன். பொட்டுக்கட்டுவது குற்றம், செய்தவருக்கும் துணைபோனவருக்கும் ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணின் கல்யாணம் செல்லும். 1930-ல் சுற்றுக்குப் போய்ச் செத்த மசோதாவின் எலும்பு அதில் அப்படியே தெரிகிறது.

அப்போது அவருக்கு 61 வயது. அவர் கவனம் வேறொரு போரில் இருந்தது. 1923-ல் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த நாளிலிருந்து, சென்னையில் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது 1954-ல் அடையாற்றில், ஔவை இல்லத்துக்கு அருகிலேயே, 12 படுக்கைகளோடு தொடங்கியது. அது தனிக் கதை. இந்தத் தொடருக்குள் அடங்காது.

நம் தொடர் மறுபடி கோட்டைக்குத் திரும்ப வேண்டும். முத்துலட்சுமி எழுந்துபோன அதே 1930-ல், வேதாரண்யம் உப்புப் போராட்டத்தில் கைதாகி ஜெயிலுக்குப் போனார் இன்னொரு பெண். ஏழு ஆண்டுகள் கழித்து, யாருடைய நியமனமும் இல்லாமல் ஓட்டு வாங்கி வந்து, சென்னைச் சட்டசபையின் துணைச் சபாநாயகர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். பெயர் ருக்மிணி லட்சுமிபதி.

(தொடரும்)